நடுநிலை வகுப்பு ஆங்கிலம்: பிள்ளைகளை வாசிக்கவும் எழுதவும் வைத்த பயிற்சிகள் (ஆசிரியர்கள் புனைபெயரில் பேசிக்கொள்ளும் இழை)

சாக்பீஸ்
பாதிக்கதைப் பயிற்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 700 சொல் கதை, முக்கால்வாசியில் நிறுத்தம், மிச்சத்தை ஊகிக்கணும். ஏழாம் வகுப்பு, தாத்தா காணாமல் போகிற கதை. பாதிப் பேர் "கடத்திட்டாங்க", மீதிப் பேர் "ஊரை விட்டே போயிட்டார்". கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன்: "அவரோட மூக்குக்கண்ணாடி மேஜை மேலயே இருக்கே சார், அது இல்லாம எப்படி தூரமா போவார்?" மூன்றாம் பத்தியில் ஒரே ஒரு முறை வந்துபோன கண்ணாடி! சொல்லாமலே மொத்த வகுப்பும் தாளை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தது. ஆகவே விதி ஒன்றுதான்: ஊகம் எதுவானாலும் சரி, அதற்கு ஆதாரமான வரியை அடிக்கோடிடணும். பாடப்புத்தகக் கதை உதவாது, பக்கத்தைப் புரட்டி முடிவைப் பார்த்துவிடுவார்கள். தனித்தாளில் ஜெராக்ஸ் எடுங்கள்.

ஒற்றைச்சாவி
எழுத்துப் பயிற்சிக்கு நான் வைப்பது "தொலைந்த பை". உள்ளே நாலு பொருள்: சாவி, பாதி கிழிந்த கடிதம், ஒற்றைக் கம்மல், பொம்மையின் கை. பை யாருடையது? முதல் 5 நிமிடம் கண்ணில் படுவதை மட்டும் ஆங்கிலத்தில் பட்டியல் போடணும், ஊகம் கூடாது. அடுத்த 5 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு. பிறகு 15 நிமிடம் எழுத்து. ஆறேழு பொருள் வைத்தால் அத்தனையையும் கதைக்குள் திணிக்கப் பார்த்துத் திணறுவார்கள். கொலை, பேய், "கடைசியில் எல்லாம் கனவு" மூன்றுக்கும் தடை. தடை போடாத வகுப்பில் நோட்டுக்கு ஒரு பிணம் விழும். தடை போட்ட வகுப்பில் ஒரு பெண் "சாவி இன்னும் சூடாக இருந்தது" என்று ஆரம்பித்தாள். அடுத்த வரி என்ன என்று இன்னும் யோசிக்க வைக்கிறது, மணி அடித்துவிட்டது.

சிவப்பு மை
சாக்பீஸ் சார், ஜெராக்ஸ் சரி, யார் வாசிக்கிறார்கள்? ஆளுக்கொரு பத்தி என்றால் ஒவ்வொரு பிள்ளையும் விரல் வைத்து எண்ணித் தன் பத்தியை மட்டும் முணுமுணுக்கும். முறை முடிந்ததும் பார்வை ஜன்னலுக்குப் போய்விடும். அதற்குப் பதில் நாடக வாசிப்பு வையுங்கள். 3 நிமிட உரையாடல், ஐந்து பேர் குழு, தாள் கையிலேயே இருக்கலாம், மனப்பாடம் வேண்டாம். முதலில் மௌனமாக, அப்புறம் குழுவுக்குள் இரண்டு தடவை, கடைசியாக வகுப்பு முன். ஒரே பகுதியை நாலு முறை படித்தது அவர்களுக்கே தெரியாது. கதைசொல்லி பாகத்தை இரண்டாக உடையுங்கள், இல்லையென்றால் நன்றாகப் படிக்கிற ஒருவர் தலையிலேயே எல்லாம் விழும்.

சாக்பீஸ்
நான் சொன்னது மௌன வாசிப்பு, மேடம். ஆதாரம் தேடுகிற நேரத்தில் நாடகம் போட்டால் தேடல் கெட்டுவிடும்.

மூன்றாம் மாடி
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் திருத்துவதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சிகளெல்லாம் அங்கேதான் சாகின்றன. முதல் வரைவில் எழுத்துப் பிழையைத் தொடாதீர்கள். உள்ளடக்கம் பற்றி இரண்டே கேள்வி எழுதுங்கள், "அவள் ஏன் கதவைத் திறக்கவில்லை?" மாதிரி. இரண்டாம் வரைவில் ஒரே ஒரு பிழை வகை. ஏழாம் வகுப்பில் அது பெரும்பாலும் காலம்தான்: கதை இறந்தகாலத்தில் தொடங்கும், உரையாடல் வந்ததும் நிகழ்காலத்துக்கு வழுக்கும், திரும்பவே திரும்பாது. திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பிழைக்கும் அது உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்தால் எந்தச் சொல் என்று பிள்ளையே தேடும். ஒரே வரியில் மூன்று புள்ளி வந்தால் அந்த வரியை விட்டுவிடுங்கள், கூப்பிட்டு வாயால் சொல்லச் சொல்லிக் கேட்பதே மேல். மதிப்பெண் கடைசி வரைவுக்கு மட்டும். முதல் தாளிலேயே எண்ணைப் போட்டால் கேள்வியை ஒருத்தரும் படிக்கமாட்டார்கள்.

ஒற்றைச்சாவி
புள்ளி நல்ல யோசனை. ஆனால் ஆறாம் வகுப்பில் வரியே முடியாமல் அரைப் பக்கம் ஓடுமே, எந்த வரிக்கு நேரே வைப்பது?

மூன்றாம் மாடி
அப்படியானால் அந்த வரைவுக்கு முற்றுப்புள்ளி மட்டும்தான் பிழை வகை. சத்தமாகப் படிக்கச் சொல்லி, மூச்சு வாங்குகிற இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழுந்த எல்லா இடத்திலும் முற்றுப்புள்ளி வராது, சிலது காற்புள்ளி. எது எது என்று பிரிப்பதே அந்தப் பீரியடுக்கான வேலை.