கராத்தே, சிலம்பம் தெரியும் என்று தெரிந்ததும் மற்றவர்கள் நடந்துகொள்ளும் விதம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கம்புக்காரி (தேனி)

இதை எங்கேயாவது சொல்லியே ஆக வேண்டும். நான் சிலம்பம் ஆடுபவள், சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். போன மாதம் சித்தி மகளுக்கு வளைகாப்பு. பந்தி நடந்துகொண்டிருக்கிறது, நான் சாம்பார் வாளியும் கரண்டியுமாக இலைக்கு இலை போய்க்கொண்டிருக்கிறேன். முறைக்கு எனக்கு மாமா ஆகிற ஒருவர், அறுபதை நெருங்குகிற மனிதர், பின்னால் வந்து கரண்டி பிடித்திருந்த கையை மணிக்கட்டோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு "இப்ப என்ன செய்வ? கம்புதான் கையில இல்லையே" என்கிறார். கொதிக்கிற சாம்பார். எனக்கு நேர் கீழே ஒரு அத்தை மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

முதலில் வாளியைத் தரையில் வைத்தேன். அப்புறம் கையை விடுவித்தேன், அவ்வளவுதான். ஒருவர் நம் மணிக்கட்டைப் பிடித்தால் அவருடைய கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேருகிற இடம்தான் பலவீனமான இடம், அந்தப் பக்கமாகக் கையைத் திருப்பி முழங்கையை முன்னால் கொண்டுபோனால் பிடி விட்டுவிடும், பலமே வேண்டாம். குத்துவரிசையில், அதாவது கம்பில்லாமல் வெறும் கையால் செய்கிற பயிற்சியில், சின்னப் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லித் தருகிறோம். ஆனால் அவருடைய வாட்ச் பட்டை கழன்று, வாட்ச் போய் யாரோ ஒருவர் இலையில் ரசத்துக்குள் விழுந்தது. பந்தியே சிரித்தது. அவர் முகம் கறுத்துப்போய்ச் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

அன்று இரவு வரை எனக்கு அர்ச்சனை. "பெரிய மனுஷன், விளையாட்டுக்குப் பிடிச்சாரு, சபையில வச்சு இப்படியா அசிங்கப்படுத்துவ?" ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேட்டுவிடு என்று அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாம்பார் வாளி வைத்திருந்த பெண்ணின் கையை ஏன் பிடித்தீர்கள் என்று அவரை ஒருவர் கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

ஷோட்டோகான்_கோவை

எனக்கு வாடகை வீடே போனது. வீடு பார்த்து, பிடித்து, அட்வான்ஸ் தொகை பேசி முடித்து, சாவி வாங்கப் போகிற அன்றைக்கு பைக்கில் கராத்தே உடுப்பும் பெல்ட்டும் தொங்கிக்கொண்டிருந்ததை வீட்டுக்காரர் பார்த்தார். "தம்பி பிளாக் பெல்ட்டா?" ஆமாம் ஐயா. "அப்போ போலீஸ் ஸ்டேஷன்ல பேர் பதிஞ்சிருக்கணுமே, அந்தப் பேப்பர் இருக்கா?"

இந்தக் கதையைக் கேட்காத கராத்தேக்காரர் யாராவது இருக்கிறீர்களா? பிளாக் பெல்ட் வாங்கினால் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டுமாம், கை இரண்டும் ஆயுதம் என்று கணக்காம். அப்படி ஒரு சட்டமே கிடையாது. கருப்பு பெல்ட் என்பதே ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, மாணவர்கள் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று காட்டுவதற்காக 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுவந்த ஏற்பாடு, கராத்தேக்கு அது அங்கிருந்துதான் வந்தது. முதல் டான், அதாவது கருப்பு பெல்ட்டின் முதல் படி என்றால் அடிப்படை தெரிந்துவிட்டது, இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். இதையெல்லாம் அவரிடம் வாசலில் நின்று பொறுமையாகச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். சாயங்காலம் போன் வந்தது: "குடும்பம் இருக்கற எடம் தம்பி, நாளைக்கு ஒரு பேச்சு வார்த்தைன்னா எங்களால தாங்க முடியாதுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க."

நான் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை. என்னைப் பார்த்து அவர் பயந்த அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அடிக்கத் தெரிந்தவன் அடித்துவிடுவான் என்று ஏன் நினைக்கிறார்கள்?

நிலாவின் அப்பா

பெரியவர்களுக்கே இப்படி என்றால் பிள்ளைகளை யோசியுங்கள். என் மகள் கராத்தேயில் பிரவுன் பெல்ட், கருப்புக்கு முந்தைய படி, ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள், இவள் நடுவில் போய்ப் பிரித்துவிட்டிருக்கிறாள். டைரியில் சிவப்பு மையில் எழுதி வந்தது இவளுக்கு. போய்க் கேட்டால் "அவளுக்குத்தானே சார் கராத்தே தெரியும், அவதான் ஆரம்பிச்சிருப்பா" என்கிறார் ஆசிரியை. அடிபட்ட பையனே வந்து "இல்லை மிஸ், அவ எங்களைப் பிரிச்சா" என்று சொன்ன பிறகும் டைரியில் எழுதியதை அடிக்கவில்லை. அன்றிலிருந்து கராத்தே வகுப்புக்குப் போகும்போது உடுப்பை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வர மாட்டேன் என்கிறாள். அங்கே போய்த்தான் மாற்றுகிறாள்.

பழையமாணவன்_72

எல்லாவற்றையும் படித்தேன். கம்புக்காரி அவர்களே, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இதற்கெல்லாம் ஒரே காரணம் நாம் வெளியே சொல்வதுதான். வாத்தியார் எங்களுக்கு முதல் நாளே சொன்னது: கற்றது வெளியே தெரியக்கூடாது. என் கதை சின்னது. சித்தப்பாவுக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் வரப்புத் தகராறு. சித்தப்பா வந்து "நீ ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா பக்கத்துல வந்து நில்லு, அவன் உன்னைப் பார்த்தாலே போதும்" என்றார். நான் போகவில்லை. நாலு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அவ்வளவுதான்.

இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் "உடற்பயிற்சிக்காகப் போகிறேன்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். வாட்ஸாப் படத்தில் கம்பு, பெல்ட், மெடல் எதுவும் வேண்டாம். சபையில் யார் கையைப் பிடித்தாலும் சிரித்துக்கொண்டு "விடுங்க மாமா" என்று சொல்லி, அவராக விடும்வரை நில்லுங்கள். அப்புறம் சட்டம். 2024 ஜூலை 1-லிருந்து பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, தற்காப்பு உரிமை அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. 37-ஆவது பிரிவைக் கட்டாயம் படியுங்கள்: காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, காவல்துறை மாதிரி அரசு அமைப்பின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. பயிற்சி இல்லாதவன் பதற்றத்தில் செய்தான் என்றால் புரிந்துகொள்வார்கள், பயிற்சி எடுத்தவன் செய்தால் "உனக்கு அளவு தெரியுமே" என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார். அதனால் ஒதுங்கிப் போவதுதான் நல்லது. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதலாகச் சொல்வேன், கல்யாணம் பேசுகிற இடத்தில் இதையெல்லாம் முதலிலேயே சொல்லவே வேண்டாம், பின்னால் தானாகத் தெரிந்துகொள்ளட்டும்.

கம்புக்காரி (தேனி)

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் நான் எங்கே போய் மறைப்பது? நான் சொல்லிக் கொடுக்கிறவள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பத்தைச் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்த்த பிறகு எங்கள் ஊரிலேயே எத்தனை பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் தெரியுமா? அந்தப் பெண் குழந்தைகளிடம் "சுவடு (காலடி) சரியாக வை, முதுகை நிமிர்த்து, வெளியே யாரிடமும் சொல்லிவிடாதே" என்று நான் சொல்ல முடியுமா? அவராக விடும்வரை நிற்க வேண்டும் என்கிறீர்கள். அவர் விடுகிற மாதிரி இல்லை. மடியில் குழந்தை இருந்தது என்று எழுதியிருக்கிறேனே, அதைப் படித்தீர்களா?

மேட்_நினைவுகள்

நான் ஜூடோ. மாநில அளவில் ஆடியிருக்கிறேன், இப்போது வேலைக்குப் போகிறேன். இதை எழுதலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பழையமாணவன் அவர்கள் எழுதியதைப் படித்ததும் எழுதிவிட்டேன்.

அலுவலகத்தில் என் மேலாளர். திரையில் ஒரு கணக்கைக் காட்டுகிறேன் என்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, தோளில் கை வைத்து, அந்தக் கை அப்படியே கீழே இறங்கியது. முன்னால் மேசை, பின்னால் அவர் உடம்பு, சக்கர நாற்காலி வேறு, கால் ஊன்ற முடியவில்லை. எனக்கு உடம்பு உறைந்துபோனது. ஜூடோ விரிப்பில் நான் எதிராளிக்கு வணக்கம் சொல்லி, நடுவர் "ஹாஜிமே" (ஆரம்பிக்கலாம்) என்ற பிறகு, அவளுடைய காலரையும் கை மடிப்பையும் பிடித்து, அவள் நிலை குலைகிற நொடிக்குக் காத்திருந்து வீசுகிறேன். அங்கே எதிராளி வருவது எனக்குத் தெரியும். சம்பளம் போடுகிற மனிதன் கணக்கு விளக்குகிற மாதிரி வந்து கை வைப்பான் என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

உள்ளகப் புகார் குழுவில் புகார் கொடுத்தேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும், பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குழு இருந்தாக வேண்டும், மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரணையில் ஒரு உறுப்பினர், அவரும் பெண்தான், என் விவரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "நீங்க ஜூடோ பிளேயர்தானே மா? ஒரு தள்ளு தள்ளியிருந்தா முடிஞ்சிருக்குமே. ஏன் சும்மா இருந்தீங்க?"

மேலாளர் செய்ததைக் கூட ஒரு மாதிரி கடந்துவிட்டேன். இந்தக் கேள்வியைக் கடக்க முடியவில்லை. தள்ளியிருந்தால் "ஜூடோக்காரி மேலதிகாரியை அடித்துவிட்டாள்" என்று வேறு விசாரணை நடந்திருக்கும். சும்மா இருந்ததால் சம்மதம் என்கிற சந்தேகம். எங்களுக்கு எந்தப் பக்கமும் வழி இல்லை.

குமரி_அடிமுறை

எங்கள் ஊர்ப்பக்கம் கதை வேறு மாதிரி. தாத்தா அடிமுறை (வெறும் கையாலும் காலாலும் அடிக்கிற சண்டைக்கலை) ஆசான், வர்மமும் பார்ப்பார், அதாவது உடம்பில் அடிபட்டால் ஆபத்தான இடங்களுக்கு வைத்தியம். அவரிடம் படித்தேன் என்று சொன்னாலே டீக்கடையில் ஒருத்தன் கையை நீட்டிவிடுவான், "எங்க, தொடு பாப்போம், கை விளங்காம போவுதான்னு பாக்கலாம்." சினிமாவில் இரண்டு விரல் வைத்ததும் ஆள் முறுக்கிக்கொண்டு விழுவதைப் பார்த்தவர்கள். நூற்றெட்டு வர்மம் என்று எல்லோருக்கும் எண்ணிக்கை தெரியும். அதில் பன்னிரண்டு படுவர்மம் (அடிபட்டால் உயிருக்கே ஆபத்தானவை), மீதி தொண்ணூற்றாறு தொடுவர்மம் (அந்த அளவுக்கு ஆபத்தில்லாதவை), பட்டவனை எழுப்ப இளக்குமுறை தெரியாதவன் கை வைக்கவே கூடாது என்பது யாருக்கும் தெரியாது. தாத்தா எனக்கு முதலில் தடவுமுறையும் (எண்ணெய் தடவி நீவுவது) இளக்குமுறையும்தான் சொல்லித்தந்தார், இடம் காட்டியது அதற்கு ரொம்பப் பிறகு.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா தன் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், மரத்திலிருந்து விழுந்து பேச்சு மூச்சில்லை. "நீ ஆசான் பேரன்தானே மக்களே, ஒரு தட்டு தட்டி எழுப்பு" என்கிறார். பையனின் கழுத்து கிடந்த கிடையைப் பார்த்தேன். தொடவில்லை. அசைக்காதீர்கள் என்று கத்தி, பலகையில் கிடத்தி ஆம்புலன்ஸில் ஏற்றினேன். கழுத்து எலும்பில் விரிசல் என்று டாக்டர் சொன்னார், பையன் இன்றைக்கு ஓடியாடுகிறான். ஆனாலும் அந்த அக்கா "தெரிஞ்சும் என் பிள்ளைய தொட மாட்டேன்னுட்டான்" என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்கிறார். கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் அந்தத் தெருவழியே போகும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

மேட்_நினைவுகள் அக்கா, உங்களிடம் கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பழையமாணவன்_72

மேட்_நினைவுகள் அவர்களே, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் நான் சொன்னதும் அதுதான், விவரக் குறிப்பில் ஜூடோ என்று போடாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது அல்லவா? இனி எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் விளையாட்டு என்ற இடத்தில் பொதுவாக எழுதுங்கள். முடிந்தால் வேறு கம்பெனி பாருங்கள்.

ஷோட்டோகான்_கோவை

ஐயா, போதும். அவர் மாநில அளவில் வாங்கிய பெயரை அவரே அழித்துக்கொள்ள வேண்டுமா? விரல் நீட்ட வேண்டியது கேள்வி கேட்டவரை நோக்கி.

மேட்_நினைவுகள்

ஷோட்டோகான், நன்றி. பழையமாணவன் ஐயா, நான் வேலையை விடவில்லை, விவரக் குறிப்பிலிருந்து எதையும் எடுக்கவும் இல்லை. அன்று நடந்த மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கேள்வி வந்ததும் வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர், அவர் வக்கீல், "இது தேவையில்லாத கேள்வி, குறிப்பிலிருந்து எடுத்துவிடலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் எடுக்க வேண்டாம் என்றேன். கேட்ட வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள், கீழே என் பதிலையும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர்கள் எழுதி முடிக்கும்வரை ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்: "எனக்கு என்ன தெரியும் என்பது இந்தப் புகாரில் இல்லை. அவர் என்ன செய்தார் என்பதுதான் புகார். எனக்கு நீச்சல் தெரியும் என்பதற்காக என்னைத் தண்ணீரில் தள்ளியவர் மேல் குற்றம் இல்லாமல் போகாது." கேள்வி கேட்ட அந்த அம்மா படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒன்றும் பேசவில்லை.

தொண்ணூறு நாளுக்குள் விசாரணை முடிந்தது. புகார் உண்மை என்று அறிக்கை வந்து அவரை வேறு கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். மேல்முறையீட்டுக்குப் போகப் போகிறார் என்று கேள்வி. போகட்டும், என் நகலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.