நூடுல்ஸ் களியாகிறது, நாளை மதியம் விருந்தாளிகள்! அவசரம்

கோவைப்பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். கணவரின் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து இலங்கைக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். கூட வேலை செய்கிற ஆறு பேரை நாளை மதியம் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். இறைச்சி, காய்கறி எல்லாம் போட்டு நூடுல்ஸ் பிரட்டித் தருவாள் என்று என்னைக் கேட்காமலே சொல்லியும் வைத்திருக்கிறார். இன்று செய்து பார்த்தேன். பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு வேகவைத்தால் நடுவில் மாவு கடிபடுகிறது. கொஞ்சம் கூட விட்டால் வடச்சட்டியில் போட்டதும் களிதான். ஊரில் நன்றாக வந்ததுதானே? அழுகையாக வருகிறது, சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

ஹட்டன் தம்பி:
அக்கா, முதலில் கேஸைப் பாருங்க. வாடகை வீட்டில் இருந்த சிலிண்டர் என்றால் தீரப்போகிற நிலையில்தான் இருக்கும். இங்கே பெரியது 12.5 கிலோ. உங்கள் ஊர் 14.2 கிலோ கணக்கில் நாள் எண்ணினால் விருந்து நடுவில் அடுப்பு அணைந்துவிடும். ரெகுலேட்டரும் கம்பனிக்குக் கம்பனி வேறு, பார்த்து வாங்குங்க.

கண்டிவாசி:
நூடுல்ஸை ஏன் வேகவைக்கிறீர்கள்? கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி வையுங்கள், பத்து நிமிடத்தில் பதமாக இருக்கும். நான் திருச்சியிலிருந்து வந்த நாள் முதல் அப்படித்தான், ஒரு தடவையும் சொதப்பியதில்லை.

ரம்பொடை ராஜா:
கண்டிவாசி சொல்வதைக் கேட்காதீங்க. ஊறவைப்பது மெல்லிய அரிசி நூடுல்ஸுக்கு. கோதுமை நூடுல்ஸ் உள்ளே பச்சையாகவே நிற்கும்.

பழைய ஆள்:
நான் சென்னையிலிருந்து வந்து இறங்கியது 2022 தொடக்கத்தில், பொருளாதார நெருக்கடி நேரம். கேஸுக்கு வரிசை, பெட்ரோலுக்கு வரிசை, மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, அரைவேக்காட்டுச் சோற்றைத் தின்றோம். நீங்கள் நூடுல்ஸுக்கு அழுகிறீர்கள். பிடிவாதம் இல்லையென்றால் டவுனில் கொத்து ரொட்டி கட்டி வாங்கிவிடுங்கள்.

ஹட்டன் தம்பி:
கொத்து விலை தெரியுமா அண்ணன்? கரட் விலையும்தான். நம்ம தோட்டத்துப் பக்கம் விளைகிற மரக்கறி தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு லொறி ஏறி, விலையும் ஏறித் திரும்பி வருகிறது.

பழைய ஆள்:
அதை விடுங்கள், துவைத்த துணி காய்வதற்குள் அடுத்த துணி சேர்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் தலையணை உறையே பூஞ்சணம் பிடிக்கும். இதையெல்லாம் வருவதற்கு முன்னால் யாரும் சொல்வதில்லை.

வெலிமடை அக்கா:
சரி, போதும், பிள்ளை கேட்டது வேறு. தங்கச்சி, நீங்கள் இருப்பது எந்த ஊர்? என்ன நூடுல்ஸ்?

கோவைப்பொண்ணு:
ஐயோ, சொல்லவில்லையா? நுவரெலியா, ரேஸ்கோர்ஸ் பக்கம். முட்டை சேர்த்த கோதுமை நூடுல்ஸ், 400 கிராம் பாக்கெட்.

வெலிமடை அக்கா:
அப்படிச் சொல்லுங்க. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர். அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. கண்டி 500 மீட்டர்தான், அதனால் அவருக்குச் சரியாக வருவது உங்களுக்கு வராது. பாக்கெட்டில் உள்ள நேரம் கொழும்புக்கு.

பெரிய பானை நிறையத் தண்ணீர் வையுங்க, உப்புப் போடுங்க. நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகே நூடுல்ஸ். மொத்தத்தையும் ஒன்றாகக் கொட்டினால் கொதி அடங்கிவிடும், ஒரு பாக்கெட் வெந்து எடுத்த பிறகு அடுத்தது. கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு இழையை எடுத்துக் கடித்துப் பாருங்க. நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே வடித்துவிட்டுக் குழாயடியில் பிடிங்க. நுவரெலியாக் குழாய்த் தண்ணீர் போதும், ஐஸ் தேவையில்லை. எண்ணெய் பிசறித் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிடுங்க. ஈரத்தோடு தாச்சியில், அதுதான் உங்கள் வடச்சட்டியில், போடுவதால்தான் களியாகிறது.

லீக்ஸை, பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்குமே அதை, நீளவாக்கில் பிளந்து கழுவுங்க. மடலுக்கு மடல் மண் ஒளிந்திருக்கும், முழுதாகக் கழுவினால் போகாது, பல்லில் நறநறக்கும். வெள்ளைப் பகுதி முதலில், பச்சைப் பகுதி கடைசியில். கரட், போஞ்சியை (உங்கள் ஊர் பீன்ஸ்) தீக்குச்சி அளவுக்கு நறுக்கி முன்னாலே போட்டு, கோவாவை (முட்டைக்கோஸ்) பின்னால் போடுங்க. கோழியை மெல்லியதாக வெட்டிச் சோயா சோஸ், மிளகுத்தூள், கொஞ்சம் சோளமாவு பிசறி வையுங்க. வீட்டு அடுப்பில் ஆறு பேருக்கும் ஒரே தாச்சியில் முடியாது. கோழியைத் தனியாக வதக்கி எடுத்துவிட்டு, இரண்டு இரண்டு பேருக்காகப் பிரட்டுங்க. தாச்சி புகைகிற சூட்டில் இருக்கட்டும், மூடி போடாதீங்க.

ரம்பொடை ராஜா:
லீக்ஸ் வெள்ளையையும் கடைசியில்தான் போடணும் அக்கா, கருகிடும்.

வெலிமடை அக்கா:
கருகினால் உங்கள் கை மெதுவாக இருக்கிறது என்று அர்த்தம். தங்கச்சி, கோழி வாங்கிவிட்டீர்களா?

கோவைப்பொண்ணு:
நாளைக் காலையில் புதிதாக வாங்கலாம் என்று இருந்தேன்.

வெலிமடை அக்கா:
நாளை போயா, பௌர்ணமி விடுமுறை! இறைச்சிக் கடை எல்லாம் பூட்டு. சுப்பர் மார்க்கெட்டிலும் இறைச்சி தரமாட்டார்கள். இப்போதே போங்க.

கோவைப்பொண்ணு:
கடவுளே! வருகிறவர்களில் இரண்டு பேர் முஸ்லிம்கள் வேறு.

ஹட்டன் தம்பி:
அப்போ ஹலால் கடையிலேயே வாங்கிடுங்க அக்கா. எலும்பில்லாமல் கேளுங்க, ஆறு பேருக்கு ஒரு கிலோ தாராளம்.

கோவைப்பொண்ணு:
கிளம்பிவிட்டேன். சோயா சோஸ் கறுப்பா, சாதாரணமா?

வெலிமடை அக்கா:
சாதாரணம்தான் உப்புக்கு. கறுப்பு நிறத்துக்கு மட்டும், ஒரு தாச்சிக்கு ஒரு தேக்கரண்டி. தனி உப்பு இறக்கும்போது ருசி பார்த்த பிறகு.