லிமிட்டிங் ரியாக்டன்ட்: ‘முன்தீர்பொருளா’, ‘பற்றாப்பொருளா’?

அன்பர்களே, வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக ஒரு சொல். வேதிவினையில் கலக்கும் பொருள்களுள் சமன்பாட்டு விகிதப்படி போதாமல் போவதே லிமிட்டிங் ரியாக்டன்ட். அதற்கு இப்போது புழங்கும் ‘கட்டுப்படுத்தும் வினைபடுபொருள்’ எனக்கு ஒப்பவில்லை. கட்டுப்படுத்துகிறது என்றதுமே மாணவர்கள் வேகத்தைத்தான் நினைக்கிறார்கள். அது கட்டுப்படுத்துவதோ விளைபொருளின் அளவை.

நம் மலேசியப் பள்ளிப் படிவம் 4-இன் ‘காடார் திண்டாக் பாலாஸ்’ (வினைவேகம்) பாடத்துத் தயோசல்பேட்டுச் சோதனையையே பாருங்கள். 0.2 மோலார் சோடியம் தயோசல்பேட்டு 45, 40, 30, 20, 10 மில்லி. ஒவ்வொன்றையும் நீர் சேர்த்து 45 மில்லி ஆக்கி, 1 மோலார் கந்தக அமிலம் 5 மில்லி ஊற்றுகிறோம். வினையில் உண்டாகும் கந்தகம் திரவத்தைக் கலங்கலாக்க, குடுவைக்கடியில் உள்ள எக்ஸ் குறி மறையும் வரை நேரம் எடுக்கிறோம். சமன்பாட்டில் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று. அமிலம் எப்போதும் 5 மில்லிமோல். தயோசல்பேட்டு 9, 8, 6, 4, 2. ஆக, முதல் மூன்றில் முந்தித் தீர வேண்டியது அமிலம், கடைசி இரண்டில் தயோசல்பேட்டு. ஆனால் வேகத்தைக் காட்டும் 1/நேரத்தைத் தயோசல்பேட்டின் செறிவுக்கு எதிராக வரைந்தால் 30-க்கும் 20-க்கும் நடுவே கோடு முறிவதில்லை; ஏறக்குறைய நேராகவே போகிறது. குறியை மறைக்கச் சிறிதளவு கந்தகம் போதும். அது சேரும் நேரத்தில் இரண்டு பொருளுமே இன்னும் மிச்சம் இருக்கின்றன. முதல் குடுவையில் ‘கட்டுப்படுத்துவது’ அமிலம்தான், ஆனால் அமிலச் செறிவைக் கூட்டினாலும் நேரம் அவ்வளவாக மாறாது.

‘முன்தீர்பொருள்’ என்று வைக்கலாமா?

— பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்


ஐயா, வணக்கம்.

> ‘முன்தீர்பொருள்’ என்று வைக்கலாமா?

மாற்ற வேண்டும் என்பதில் உடன்பாடுதான். ஆனால் இரு திசையிலும் நடக்கும் மீள்வினைகளில் எதுவும் முழுக்கத் தீராதே! செம்பனை எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்கும்போது ஒரு மோல் எண்ணெய்க்கு 3 மோல் மெத்தனால் போதும் என்கிறது சமன்பாடு. கலனில் ஊற்றுவது பெரும்பாலும் 6 மோல், சமநிலையை எஸ்டர் பக்கம் தள்ளுவதற்காக. அப்போதும் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சத்தான் செய்யும். அதற்காக மெத்தனாலை ஊற்றிக்கொண்டே போனால் கிளிசரால் பிரிந்து அடியில் தங்காமல் அடம்பிடிக்கும்.

‘குறைபொருள்’ என்று யாராவது சொல்வதற்குள் அதையும் மறுத்துவிடுகிறேன். ஒரு மோல் எண்ணெய் ஏறக்குறைய 850 கிராம், 6 மோல் மெத்தனால் 192 கிராம். கலன் நிறைய எண்ணெய், ஆனால் தேவைக்குப் போதாதது அதுதான்! எடையில் அதிகமாக இருப்பதைக் ‘குறை’ என்றால் மாணவர் தராசைப் பார்த்து விடை எழுதுவார்.

என் பரிந்துரை ‘பற்றாப்பொருள்’. பற்றாக்குறை எல்லார் வாயிலும் உள்ள சொல். எதற்குப் பற்றாது என்ற கேள்வி அதற்குள்ளேயே இருப்பதால் சமன்பாட்டு விகிதத்தைப் பார்க்கத் தூண்டும். எதிர்ச்சொல் ‘மிகைப்பொருள்’ ஏற்கெனவே வழக்கில் உண்டு.

சோதனை பற்றி ஒன்று: ஐந்து ஓட்டத்துக்கும் ஒரே அளவுக் குடுவை வேண்டும். 150 மில்லிக்குப் பதில் 250 மில்லிக் குடுவை வந்தால் அடி அகலம், திரவத்தின் ஆழம் குறையும், குறி தாமதமாக மறையும். கந்தக டையாக்சைடு வரும் என்பதால் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

— பிறை, பினாங்கு


அம்மா, வணக்கம்.

‘பற்றாப்பொருள்’ சரி. பயோடீசலுக்குப் பிறகு ‘முன்தீர்பொருளை’ப் பிடித்துத் தொங்க வழியில்லை.

கூடவே ‘வினைவேகம்’, ‘மறைவு வேகம்’ (ஒரு வினைபடுபொருளின் செறிவு குறையும் வேகம்) இரண்டையும் பிரித்தே பதிவோம். சமன்பாட்டு எண்கள் வேகக் கணக்கில் நுழையும் இடம் இதுதான். இரண்டு டைநைட்ரஜன் பென்டாக்சைடு சிதைந்து நான்கு நைட்ரஜன் டையாக்சைடும் ஓர் ஆக்சிஜனும் தரும் வினையில், 100 வினாடியில் பென்டாக்சைடு 0.02 மோலார் குறைந்தால் அதன் மறைவு வேகம் வினாடிக்கு 0.0002 மோலார். டையாக்சைடின் தோற்ற வேகம் 0.0004, ஆக்சிஜனுடையது 0.0001. அந்தந்த எண்ணால் வகுத்தால் மூன்றும் 0.0001 என்று ஒன்றாகும், அதுவே வினைவேகம். சமன்பாட்டில் பென்டாக்சைடின் எண் 2 என்பதால் இது இரண்டாம் வகை வினை (வேகம் செறிவின் இருமடிக்கு ஏற்ப மாறுவது) ஆகிவிடாது. சோதனையில் கிடைப்பது முதல் வகை, அதாவது வேகம் செறிவுக்கு நேர்விகிதம். வேக மாறிலியை (கே) வினைவேகத்தை வைத்து வரையறுத்தால், பென்டாக்சைடு பாதியாகும் நேரமான அரைவாழ்வு 0.693/2கே. அந்த 2-ஐ விட்டால் விடை இருமடங்காகிவிடும்.

பட்டியலுக்கான வரைவு:

பற்றாப்பொருள்: வினைபடுபொருள்களுள், சமன்பாட்டு விகிதப்படி மற்றவற்றுக்கு ஈடுகொடுக்கும் அளவு இல்லாதது. கிடைக்கக்கூடிய விளைபொருளின் உச்ச அளவை இது தீர்மானிக்கும், வினைவேகத்தை அன்று.

— பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்