செங்டு போகும் கயலுக்கு எவ்வளவு ரொக்கம்?

அத்தை: சீனாவில் நோட்டே செல்லாதாம். எல்லாம் போன்தானாம். ஃபார்வர்ட் வந்திருக்கிறது. கயலுக்கு யுவான் மாற்றியாச்சா அண்ணி?

அம்மா: 3000 வாங்கச் சொல்லியிருக்கிறேன். செல்லாதா??

சித்தப்பா: நாளைக்குத்தான் போகிறேன். நிறுத்தவா?

பெரியப்பா: நிறுத்தாதே. செல்லும். ரொக்கத்தை வாங்க மறுப்பது அங்கே சட்டப்படி தவறு. சில்லறைக்குத் திணறுவார்கள், அவ்வளவுதான். கயல், போனில் பணம் கட்டுகிற அலிபே ஆப்பும் வைத்துக்கொள். இன்னொன்று, நீ போகிற செங்டுவில்தான் உலகத்தின் முதல் காகிதப் பணம் பிறந்தது.

கயல்: நிஜமாவா பெரியப்பா?

அண்ணன்: போச்சு, கேட்டுட்டா

அத்தை: ஏர்போர்ட்டுக்கு வேன் சொல்லியாச்சா?

பெரியப்பா: சொங் பேரரசுக் காலம். செங்டு இருக்கிற சிச்சுவான் மாகாணத்தில் புழங்கியது இரும்புக் காசு. மதிப்பு கம்மி, பாரம் அதிகம். பட்டு வாங்கப் போனால் மூட்டை தூக்க வேண்டும். அதனால் வியாபாரிகள் காசை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஜியாவ்சி என்று பெயர். பிறகு செங்டுவின் 16 பணக்காரக் குடும்பங்கள் சேர்ந்து அச்சடித்தன. ஜனங்கள் கொடுத்து வைத்த காசில் வீடும் நிலமும் வாங்கிப் போட்டார்கள். திருப்பிக் கேட்டு வந்தபோது பெட்டியில் காசு இல்லை.

அத்தை: நம்ம ஏலச்சீட்டு மாதிரியே. சேர்த்துவிட்டது யாரென்று நான் சொல்ல மாட்டேன்.

சித்தப்பா: அதை ஏன்க்கா இப்போ இழுக்கிறே

அம்மா: வேன் 12 சீட் போதுமா?

பெரியப்பா: 1024-ல் அரசாங்கமே வெளியிட்டது. முதல் தவணை 12,56,340 கட்டு. ஒரு கட்டு ஆயிரம் காசுக் கணக்கு. அதற்கு ஈடாகப் பெட்டியில் 3,60,000 கட்டு இரும்புக் காசு. நோட்டுக்குக் கெடு உண்டு. முடிந்ததும் கட்டுக்கு 30 காசு கட்டிப் புதுசு வாங்கிக்கொள்ளலாம். இந்த ஒழுங்கு இருந்தவரை நன்றாக ஓடியது. போர்ச் செலவுக்கு இஷ்டத்துக்கு அடித்த பிறகுதான் மதிப்பு விழுந்தது. பின்னால் வந்த மிங் பேரரசு 1375-ல் வெளியிட்ட நோட்டுக்கு ஈடே கிடையாது. குறை காகிதத்தில் இல்லை கயல், ஈடு இல்லாமல் அடித்ததில்தான்.

அம்மா: பாட்டி கேட்கிறார், மோதிரம் கொடுத்து அனுப்பலாமா என்று. தங்கம் எந்த ஊரிலும் செல்லுமாம்.

பெரியப்பா: மிங் காலத்து ஜனங்களும் அதைத்தான் செய்தார்கள், வெள்ளியை வைத்து. கடைசியில் அரசே வரியை வெள்ளியில் வாங்கியது. ஜப்பானிலிருந்து வந்தது, அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து மணிலா வழியாகவும் வந்தது.

அண்ணன்: அப்போ மோதிரம் ஓகே?

பெரியப்பா: வேண்டாம், ஹாஸ்டலில் தொலையும்.

அத்தை: அம்மா ஆசையாகக் கொடுப்பதை வேண்டாம் என்பாயா? என் கல்யாணத்திலும் இப்படித்தான்.

கயல்: அப்புறம் என்ன ஆச்சு பெரியப்பா?

பெரியப்பா: 1948 ஆகஸ்டில் அன்றைய சீன அரசு, 30 லட்சம் பழைய பணத்துக்கு ஒரு ‘தங்க யுவான்’ நோட்டு என்றது. மக்களிடமிருந்த தங்கம், வெள்ளியையும் ஒப்படைக்கச் சொன்னது. நம்பிக் கொடுத்தவர்கள் பாவம். அடுத்த வருடமே அந்த நோட்டும் குப்பை.

அம்மா: பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். இப்போது மோதிரம் கட்டாயம் என்கிறார்.

சித்தப்பா: 3000-ஆ 2000-ஆ? யாராவது ஒரு முடிவு சொல்லுங்கள்.

அத்தை: வேன் 17 சீட் சொல்லுங்கள். நாங்கள் நாலு பேர் வருகிறோம்.

அம்மா: இவர் வரட்டும், ராத்திரி சொல்கிறேன்.