போட்டிக்கு அனுப்பும் சேலை டிசைன்: பரிசு கிடைக்காவிட்டாலும் உரிமை நிறுவனத்துக்கா?

முந்தானைக்கோடு:
வணக்கம். ஒரு ஜவுளி நிறுவனம் சேலை முந்தானைக்கு டிசைன் போட்டி அறிவித்திருக்கிறது. நுழைவுக் கட்டணம் 300 ரூபாய், முதல் பரிசு 1 லட்சம். விதிமுறையில் எனக்கு இடிக்கிற வரிகள்:

"பெறப்படும் அனைத்துப் படைப்புகளின் பதிப்புரிமையும் உலகம் முழுவதும் நிரந்தரமாக நிறுவனத்தையே சேரும்."
"மதிப்பெண்ணில் 40 சதவீதம் இன்ஸ்டாகிராம் லைக்குகளுக்கு."
"லேயர்களுடன் மூலக் கோப்பை அனுப்ப வேண்டும்."
"வேறு யாராவது உரிமை கோரினால் நிறுவனத்துக்கு ஏற்படும் முழு இழப்பையும் பங்கேற்பாளரே ஏற்க வேண்டும்."

'ஏற்கிறேன்' என்ற பெட்டியில் டிக் அடித்தால்தான் அடுத்த பக்கம் வரும். நானும் 16 வயதுத் தங்கையும் கலந்துகொள்வதாக இருக்கிறோம். பரிசு வராவிட்டாலும் டிசைன் கையைவிட்டுப் போய்விடுமா? எதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம்?

ஷரத்து19:
முதல் வரிதான் பெரிய சிக்கல். பரிசு ஒருவருக்கு, உரிமை மட்டும் அனுப்பிய எல்லோரிடமிருந்தும். இது போட்டியே அல்ல, 300 ரூபாயும் வாங்கிக்கொண்டு டிசைன் சேகரிக்கிற வேலை.

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-ஐப் படியுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், படைத்தவர் கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த எல்லைக்குள், அதற்கு என்ன தொகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். உங்கள் விதிமுறையில் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்று எழுதியிருப்பதே இந்த இரண்டையும் தாண்டத்தான். ஆனால் தோற்றவருக்கு என்ன தொகை? ஒரு ரூபாய்கூட இல்லை. அந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியே கேட்கலாம்.

இன்னொன்று, 19(4). உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை. அதனால் விதிமுறையின் கடைசிப் பக்கத்தில் "பிரிவு 19(4) பொருந்தாது" என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் உங்கள் டிசைனைப் பயன்படுத்தாமலே வருடக்கணக்கில் பூட்டி வைக்கலாம்.

உரிமையை மாற்றாமல், பயன்படுத்த மட்டும் அனுமதிக்கும் 'உரிமம்' தந்தால் போதும். இந்த வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் கேளுங்கள்: "பரிசு பெறும் படைப்புக்கு மட்டும், பரிசுத்தொகை முழுவதும் செலுத்தப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு, இந்தியாவுக்குள், சேலை தயாரிப்புக்கும் அதன் விளம்பரத்துக்கும் உரிமம். பரிசு பெறாத படைப்புகளின் உரிமைகள் படைத்தவரிடமே இருக்கும். முடிவு அறிவித்த 30 நாளில் அவற்றின் கோப்புகள் அழிக்கப்படும்."

டிக் அடித்ததெல்லாம் கையொப்பம் ஆகாது என்று வாதாட இடம் உண்டு. அது உங்களுக்குச் சாதகம்.

நோட்டரிநிழல்:
அந்தக் கடைசி வரியை நம்பி டிக் அடிக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்வழியில் உருவானது என்பதற்காகவே ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு உரிமத்துக்குக் கையொப்பமே தேவையில்லை, எழுத்தில் இருந்தால் போதும். "உரிமை மாற்றம் செல்லாவிட்டாலும் இது உரிமம்தான்" என்று நிறுவனத்தின் வக்கீல் திருப்பிவிடுவார். சண்டை போட்டு ஜெயிக்கலாம் என்பதும் சண்டையே வராமல் பார்த்துக்கொள்வதும் ஒன்றல்ல.

தங்கை விஷயம்: 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது. மோஹரி பீபீ வழக்கில் 1903-லேயே பிரிவி கவுன்சில் (அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றம்) தீர்த்துவைத்த விஷயம் அது. பெற்றோர் பெயரில், பெற்றோர் கையொப்பத்தோடு அனுப்புங்கள். இல்லையென்றால் பரிசு வந்தபின் வயதைக் காட்டியே தகுதிநீக்கம் செய்வார்கள்.

பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு, 1 லட்சத்துக்கு 70,000 தருவதுதான் பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். திறமைப் போட்டிக்கு இது பொருந்துமா என்ற வாதம் தனி. கணக்குப் பிரிவு அதையெல்லாம் பார்க்காது. பரிசு பொருளாக இருந்தால் அதைக் கையில் தருமுன் வரி கட்டியாக வேண்டும், யார் கட்டுவது என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

இழப்பைப் பங்கேற்பாளரே ஏற்க வேண்டும் என்ற விதிக்கு உச்சவரம்பு போடச் சொல்லுங்கள்: பரிசுத்தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று. இணையத்தில் இலவசமாக எடுத்த அன்னப்பட்சியோ ஏஐ வரைந்த பூவோ டிசைனில் ஒரு மூலையில் இருந்தாலும் இந்த விதி உங்கள் கழுத்துக்கு வரும்.

ரிப்பீட்டுக்காரர்:
மேலே இருவரும் தொடாத பக்கம் ஒன்று: சேலை என்றால் பதிப்புரிமை மட்டும் போதாது. பதிப்புரிமைச் சட்டம் 15(2)-இன்படி, டிசைன் சட்டம் 2000-இல் பதியத்தக்க டிசைனைப் பதியாமல், உரிமையாளரோ அவரிடம் உரிமம் பெற்றவரோ 50-க்கு மேல் தொழில்முறையில் தயாரித்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை முடிந்தது. மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் (தில்லி உயர் நீதிமன்ற அமர்வு, 2009) சோபா, நாற்காலி மெத்தைகளுக்கு உறையிடும் துணியின் டிசைனுக்கு இதுதான் நடந்தது. சேலை 50-ஐத் தாண்ட எத்தனை நாள் ஆகும்?

பதிவதென்றால் டிசைன் புதிதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முன் எங்கே வெளியானாலும் புதுமை போச்சு. அந்த 40 சதவீத லைக் விதி இங்கேதான் உங்களைக் கவிழ்க்கிறது: இன்ஸ்டாவில் ஏற்றிய நிமிடமே அது வெளியீடு. தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய், சென்னை அலுவலகத்திலேயே கொடுக்கலாம். முதலில் விண்ணப்பம், பிறகு பதிவேற்றம்.

கோப்பு விஷயத்தில் கறாராக இருங்கள். முதல் சுற்றுக்கு நீளப் பக்கம் 1,500 பிக்சல் ஜேபெக் போதும். 45 அங்குல அகலத்துக்கு அதை விரித்தால் அங்குலத்துக்கு 33 பிக்சல்தான் வரும். டிஜிட்டல் பிரின்ட்டுக்குக் குறைந்தது 150 வேண்டும், இல்லையென்றால் அச்சில் கட்டம் கட்டமாகத் தெரியும். ரிப்பீட் (திரும்பத் திரும்ப வரும் டிசைன் அலகு) பொருந்தும் ஓரத்தைக் காட்டாமல் வெட்டி அனுப்புங்கள். ஜக்கார்டில் (டிசைனைத் துணியோடு சேர்த்தே நெய்யும் தறிமுறை) நெய்யப்போகிறார்கள் என்றால் கிராஃபை, அதாவது எந்த நூல் எங்கே வரும் என்று காட்டும் கட்ட வரைபடத்தை, கொடுக்கவே கூடாது, உழைப்பு மொத்தமும் அதில்தான். லேயர் கோப்பு (ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே மாற்றத்தக்க மூலக் கோப்பு), ஜெயித்துப் பணம் வந்த பிறகு.

நடுவர்பக்கம்:
லைக் விதியை எடுக்கவே சொல்லுங்கள். லைக்கைக் காசு கொடுத்து வாங்கலாம், கடைசி இரவில் எண்ணிக்கை எகிறும், நிறுவனத்தால் பிரித்தறிய முடியாது. அதைவிட, நிறுவனத்துக்கு இலவச விளம்பரம் செய்துகொடுப்பது நீங்கள்தான். எடுக்க மாட்டோம் என்றால் தனியாக 'மக்கள் விருப்பம்' என்று சிறு பரிசாக ஒதுக்கட்டும்.

எழுத்தில் கேட்க வேண்டியவை: நடுவர்கள் யார், எதற்கு எத்தனை மதிப்பெண், பெயர் மறைத்து எண் போட்டுத் தருகிறார்களா, ஊழியர்களும் உறவினர்களும் கலந்துகொள்ளலாமா, "தகுதியான படைப்பு இல்லை" என்று பரிசை நிறுத்திவைக்கலாமா. கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் நுழைவுக் கட்டணம் திரும்ப வருமா?

முடிவை வெளியிடாமல் விட்டாலும் சும்மா இருக்க வேண்டாம். பரிசுத் திட்டத்தின் இறுதி முடிவைப் பங்கேற்பாளர்களுக்குத் தெரிவிக்காமல் வைப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் முறையற்ற வணிக நடைமுறை. கட்டணம் கட்டியிருப்பதால் நீங்கள் நுகர்வோர் என்று சொல்ல வலுவான காரணம் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

முந்தானைக்கோடு:
எல்லோருக்கும் நன்றி. விதியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டால்?

ஷரத்து19:
அனுப்பாதீர்கள். அப்படியும் கலந்துகொள்ள ஆசையென்றால் போட்டிக்கென்றே புதிதாக ஒன்று வரையுங்கள். உங்கள் போர்ட்ஃபோலியோவில் இருப்பதையோ, அதே மயிலை வேறு நிறத்தில் மாற்றியோ அனுப்ப வேண்டாம். நிரந்தர உரிமை போனால் அதே வடிவத்தை நாளை நீங்களே விற்கும்போது மீறல் என்பார்கள். பெயர் குறிப்பிடும் உரிமையையும் படைப்பைச் சிதைக்காமல் இருக்கக் கோரும் உரிமையையும் (பிரிவு 57) 'கைவிடுகிறேன்' என்று ஒரு வரி இருந்தால் அதையும் அடிக்கச் சொல்லுங்கள். விக்யான் பவன் சுவர்ச்சிற்பம் அமர்நாத் சேகலுக்குத் திரும்பக் கிடைத்ததும், 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் 5 லட்சம் இழப்பீடு விதித்ததும் அந்தப் பிரிவின் பலத்தில்தான்.

நோட்டரிநிழல்:
டிக் அடிக்கும் அன்றே விதிமுறைப் பக்கம் முழுவதையும் தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி பிடிஎஃப் ஆகச் சேமித்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். "முன்னறிவிப்பின்றி விதிகள் மாறலாம்" என்ற வரி அநேகமாக எல்லாப் போட்டியிலும் இருக்கும். முடிவுக்குப் பிறகு அந்தப் பக்கம் வேறாக இருந்தால், எந்த விதிக்கு ஒப்புக்கொண்டீர்கள் என்று காட்ட அந்தக் கோப்பு வேண்டும்.