சஃப்ரஜெட்: போராளியா, உரிமைக்காரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

1913-ஆம் ஆண்டு பிரிட்டனின் அரசியலையும் பொதுவாழ்வையும் விளையாட்டையும் சேர்த்துக் கூறும் பாடமொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஜூன் 4 அன்று எப்சம் குதிரைப் பந்தயத்தில், மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குதிரையான ஆன்மருக்கு எதிரே போய் நின்று அடிபட்டு, நான்கு நாளில் உயிர்விட்ட எமிலி டேவிசனை மூலநூல் ‘சஃப்ரஜெட்’ (பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சட்டத்தை மீறியும் போராடியவர்) என்கிறது. ஜூலையில் பல ஊர்களிலிருந்து ஹைட் பூங்காவுக்கு நடந்தே வந்த, அதே உரிமையை அமைதி வழியில் கேட்ட மிலிசென்ட் ஃபாசெட்டின் அமைப்பினரையோ ‘சஃப்ரஜிஸ்ட்’ என்கிறது. நான் இருவரையும் ‘வாக்குரிமைப் போராளி’ என்று எழுத, மேற்பார்வையாளர் இரண்டு இடத்திலும் வட்டமிட்டு, “யார் எவர்?” என்று கேட்டுத் திருப்பிவிட்டார்.

*

ஐயா, யாழ்ப்பாணத்தில் போராளி என்றால் ஆயுதம் ஏந்தியவர் என்றே கொள்வோம். வால்டன் ஹீத்தில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டப்பட்டுவந்த வீட்டில் அவ்வாண்டு பிப்ரவரியில் குண்டு வைத்தவர்களுக்கு அச்சொல் பொருந்தும். ஃபாசெட் அம்மையாரோடு நடந்தவர்களுக்குப் பொருந்தாது. அவர்களை ‘வாக்குரிமை இயக்கத்தார்’ எனலாம்.

*

‘வாக்கு’ வடசொல் என்பதை இருவருமே மறந்துவிட்டீர்கள். ‘கயிறு பிணிக் குழிசி ஓலை’ என்று அகநானூறு பேசுகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை இருக்கிறது. ஆகவே ‘ஓலையுரிமை’ என்பதே தூய வழக்கு. அதைக் கோரும் பெண், சீமாட்டி, மூதாட்டி போல, ‘ஓலையுரிமையாட்டி’ ஆவாள்.

*

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். உத்திரமேரூரில் குடத்திலிட்ட ஓலையைச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அது திருவுளச்சீட்டே அன்றி, இன்னாரை விரும்புகிறேன் என்று சொல்லும் உரிமை அன்று. மேலும், ‘ஆட்டி’ உயர்த்திப் பேசும் விகுதி. சஃப்ரஜெட்டோ 1906-இல் டெய்லி மெயில் ஏளனமாகச் சூட்டிய பெயர். சஃப்ரஜெட்டுகளின் தலைவி எம்மலின் பாங்க்கர்ஸ்டின் அணியினர் அதையே வாங்கித் தமதாக்கிக்கொண்டு, 1912-இல் தம் இதழுக்கும் சூட்டினர். அந்த ஏளனமும் பிறகு வந்த மிடுக்கும் ஒரே சொல்லில் ஒலிக்க வேண்டுமானால், சண்டைக்காரி என்பதில் இருக்கும் ‘காரி’யை விட்டால் வேறு வழியில்லை. எனவே ‘உரிமைக்காரி’ என்பேன். என் வகுப்பில் சொன்னபோது பின்வரிசை சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் ஒரு மாணவி, “உரிமைக்காரி என்றால் சொந்தக்காரி என்றும் ஆகுமே, மிஸ்” என்றாள்.

*

‘காரி’யும் வடமொழி வழிவந்ததே. தவிர, பாடநூலில் ஏக வசனம் கூடாது.

*

பட்டினி கிடந்து நலிந்த சஃப்ரஜெட் கைதிகளை வெளியே விட்டு, தேறியதும் மீண்டும் பிடிக்க ஏப்ரலில் வந்த சட்டத்தைப் ‘பூனை–எலிச் சட்டம்’ என்று அதே பாடம் அச்சிடுகிறதே, அதற்கு மட்டும் மரியாதை வேண்டாமா?

*

அனைவருக்கும் நன்றி. யாழ்ப்பாண நண்பர் சொன்னதற்கிணங்க, சஃப்ரஜெட்டுக்கு ‘வாக்குரிமைப் போராளி’ என்றும் மற்றவர்க்கு ‘வாக்குரிமை இயக்கத்தார்’ என்றும் அனுப்புகிறேன். ‘தற்கொலைப் போராளி’ எனத் தனிமடலில் வந்த யோசனையை ஏற்க இயலவில்லை; டேவிசனின் உடைமைகளுள் ஊர் திரும்புவதற்கான ரயில் சீட்டும் இருந்தது.

*

என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்கிறேன். எப்சத்தில் அன்று முதலில் வந்த கிராகனூர் என்ற குதிரையை விலக்கிவிட்டு, பந்தயக் கணிப்பில் 100-க்கு 1 என்று கிடந்த அபாயர் என்ற குதிரைக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். மெய்ப்புத் திருத்த வெள்ளி மாலை வரை நேரமிருக்கிறது.