சார்ஜ் ட்ரில்லுக்கு செல் மாத்தப் போய் நடந்தது, உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

வலங்கைமான் தச்சர்:
14.4 வோல்ட், நிக்கல் காட்மியம், 12 செல். அப்பா ஓட்டுன மிஷின். ரெண்டு ஸ்க்ரூ போட்டாலே படுத்துக்கிச்சு. பிரிச்சு மீட்டர் வச்சா மூணு செல் சைபர், மீதி ஒம்பதும் 1.2 காட்டுச்சு. அந்த மூணை மட்டும் கும்பகோணத்துல வாங்கி சால்டரிங் வச்சு மாட்டுனேன். நல்லாத்தான் சுத்துச்சு. நாலாம் நாள் ஒரு வீட்டுல கதவுக்குக் கீல் மாட்டிக்கிட்டிருக்கேன், கைப்பிடி சுட்டுச்சு, உள்ளேருந்து 'உஸ்ஸ்'னு சத்தம். பேட்டரி பேக்கைக் கழட்டி வாசல்ல வீசுனேன். அந்த வீட்டம்மா தாழ்வாரத்துல பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருந்தாங்க. பேக் அவங்களைத் தாண்டித்தான் போச்சு. அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடியே என்னைப் பாத்த பார்வை கண்ணைவிட்டுப் போகல.

வேதாரண்யத்தான்:
எனக்குக் கஜா புயல்ல. 2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள எங்க தெருவுல கூரையே இல்ல. பக்கத்து வீட்டு ஆயாவுக்குத் தகரம் ஏத்துனேன், 18 வோல்ட் லித்தியம். மூலையில ரெண்டு ஸ்க்ரூ பாக்கி இருக்கப்ப நின்னுடுச்சு. கரண்டு ஏது? கல்லைத் தூக்கி வச்சுட்டு இறங்கிட்டேன். ராத்திரி முழுக்க அந்தத் தகரம் அடிச்ச சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டுச்சு. கரண்டு வந்தப்ப சார்ஜர் அந்த பேட்டரியை ஏத்துக்கவே இல்ல. காலியாவே வாரக்கணக்குல கிடந்து செல் செத்துடுச்சுன்னு கடையில சொன்னாங்க.

திருவாரூர் வயரிங்:
தச்சரண்ணே, மூணு மட்டும் மாத்துனதுதான் தப்பு. சும்மா இருக்கையில 1.2 காட்டுறது கணக்கே இல்ல, லோடு கொடுத்தாத்தான் கிழம் தெரியும். கிழட்டுச் செல் முதல்ல காலியாகும், புதுசு மூணும் அது வழியா கரண்டைத் தள்ளும், அது தலைகீழா சார்ஜ் ஆகி உள்ள வாயு கட்டிச் சீறும். மாத்துனா 12ம் மாத்தணும், ஒரே கம்பெனி, ஒரே கொள்ளளவு. செல்லு மேல நேரா சால்டரிங் வைக்காதீங்க, சூடு உள்ள இறங்கி சீலைக் கெடுக்கும். நிக்கல் பட்டை வச்சு ஸ்பாட் வெல்டிங்தான், புள்ளி புள்ளியா ஒரு நொடியில ஒட்டுறது. லித்தியத்துக்கு மாறுறதா இருந்தா பழைய லேப்டாப் செல்லைப் போடாதீங்க, ட்ரில் இழுக்குற ஆம்பியருக்கு அது தாங்காது. செல்லு அளவுக்கு மேல சார்ஜ் ஏறாம, ஒரேயடியா காலியாகாம காக்குற பிஎம்எஸ் போர்டு வேணும், பழைய சார்ஜரைத் தொடவே கூடாது. சீறுன செல்லுல கசியுறது காரம், கையில பட்டா உடனே தண்ணி விட்டுக் கழுவணும். பழசை எங்க போட்டீங்க? வாய்க்கால் பக்கம் போட்டுடாதீங்கண்ணே, காட்மியத்தை நெல்லு வேரு உறிஞ்சும், அரிசி வரைக்கும் வரும்.
என் கதை சின்னது. கல்யாண மோதிரம் பேட்டரியில ரெண்டு பட்டைக்கு நடுவுல பட்டு, ஷார்ட் ஆகிச் சுட்டுடுச்சு. மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தாங்க, விரல்ல வளையமா தழும்பு இருக்கு.

பாபநாசம் விவசாயி:
வயரிங் தம்பி, ஸ்பாட் வெல்டிங்னு சொல்லிட்டீங்க, எங்க ஊர்ல அதுக்கு யாருகிட்ட போறது? பட்டை ஒட்டுன செல்லாவே கேட்டா கிடைக்குது. பட்டை நுனியில சால்டரிங் வச்சா செல்லுக்குச் சூடு அவ்வளவா போகாது. எனக்குப் போனது மருந்தடிக்கிற மிஷின் பேட்டரி, 12 வோல்ட். குறுவை அறுத்ததும் கொட்டாயில போட்டேன், சம்பாவுக்கு எடுத்தா உசிரில்ல. நடு வயல்ல, முதுகுல 16 லிட்டர் மருந்தோட நின்னேன்.

வலங்கைமான் தச்சர்:
பழைய செல்லு பிளாஸ்டிக் டப்பாவுல இருக்கு தம்பி, வாய்க்கால்ல போடல. கடைக்காரர் மூணு போதும்னுதான் சொன்னார். இப்ப பட்டை வச்சதா 12ம் சொல்லியிருக்கேன். அந்த வீட்டுல இன்னும் ஒரு கதவு பாக்கி.